தலைமையும் அதிகாரமலமும்

ஒரு சங்கத்தையோ, பள்ளியையோ, மடத்தையோ, வாணிகக் கழகத்தையோ நடத்துந் தலைவன், அதனைத் தன்னதென்று பற்றாமல் நடத்துதல் கூடுமோ என்பது ஈண்டு ஆராயப்படும் பொருளாம். பற்றில்லாதான் ஊக்கமின்றி வாளாவிருப்பன். பற்றுடையானோ பொதுவினைத் தன் உடைமையாக்கிக் கெடுப்பன். இவ்விரண்டற்கும் நடுவே செல்லும் நெறி யாதெனின், அதனை ஒருவாறு கூறப் புகுகின்றாம்.

இவ்வாராய்ச்சிக்கு ஏதுவாயினார் ஓர் இளைஞர். தியாகராய நகரில் யாம் வாழுந் தெருவினரான அவர், கல்லூரியில் மேலாண்மை பயில்பவர். மாலைதோறும் எம்பால் தமிழ்ப்பாடங் கேட்க வருவார். ஒருநாள் அவர், "ஐயா, தலைவன் செய்தொழில் ஐந்தென்று எங்கள் நூல் கூறுகின்றது. நுங்கள் சாத்திரத்திலும் தொழில் ஐந்தென்பீர்கள். இரண்டும் ஒன்றுதானோ?" என்று வினாவினார். வினா எளிதுபோற் றோன்றினும், விடை எம்மைப் பலநாள் சிந்திக்கச் செய்தது.

அவர் குறித்த நூலாசிரியர் பிரான்சு தேயத்து ஆன்றி பாயோல் என்பார். அவர் சுரங்கப் பொறியியலில் வல்லவர். 1888இல் நலிவுற்றிருந்ததொரு சுரங்கக் கழகத்தின் தலைமையை ஏற்று, 1918 வரை அதனை நடத்தி நிலைநிறுத்தியவர். தாம் பட்டறிந்ததனை 1916இல் நூலாக்கினார். முன்னறிந்து திட்டமிடல், அமைத்தல், ஆணையிடல், ஒருங்கிணைத்தல், கண்காணித்தல் என்னும் ஐந்தும் அவர் வகுத்தன. இவை நன்று. ஆயினும், எண்ணொப்புமை ஒன்றே பற்றி இவற்றைப் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலோடு ஒன்றெனல் பேதைமையாம். ஐந்து விரலும் ஐந்து பூதமும் எண்ணால் ஒத்தமை பற்றி விரலே பூதமென்பார் யாருமிலர். வேறுபாடு யாண்டுள்ளதெனின், பயனில் உள்ளது. இறைவன் செய்யும் ஐந்தொழிலும் தன்பொருட்டன்று, உயிர்கள் பக்குவமெய்துதற் பொருட்டு. பாயோல் கூறிய ஐந்தும், யார்பொருட்டென்பதனைச் செய்வோன் நெஞ்சிற்கே விட்டுவிடுகின்றன. ஆகலின் மாணாக்கர் முதற்கண் கேட்கவேண்டிய வினா, எவ்வாறு நடத்துவது என்பதன்று. யார்பொருட்டு நடத்துவது என்பதேயாம்.

இதனை விளக்குதற்கு நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. மாம்பலத்துப் பேரேரி இருந்தவிடத்தே, 1920ஆம் ஆண்டுகளில் அமைக்கப்பெற்ற இந்நகரின் பெயர்களே சான்றாகும். நகரின் பெயர் தியாகராயர் பெயர். நடுவணுள்ள சோலை பனகல் அரசர் பெயர். வெங்கடநாராயணா சாலைச் சோலை நடேசனார் பெயர். மூவரும் ஒரே சங்கத்தின் தலைவர்கள். உசுமான் சாலையில் துணிக்கும் நகைக்கும் நெருக்குண்டு செல்வாருள் எத்தனைபேர் இதனை நினைப்பர்? அவர்தம் அரசியற் கொள்கையை ஈண்டு ஆராய்கின்றிலம். தலைமை மூவரிடத்து மூன்று வடிவாய் நின்றவாற்றை மட்டும் காட்டுதும்.

நடேசனார் செய்தது சேர்த்தல். மருத்துவரான அவர் 1912இல் சென்னையில் ஒரு சங்கங் கண்டார். 1916இல் வெளியூரிலிருந்து பயிலவரும் மாணாக்கர்க்குத் திருவல்லிக்கேணியில் விடுதி அமைத்தார். நகராண்மைக் கழகத்தில் ஒருவரோடொருவர் மாறுபட்டிருந்த தியாகராயரையும் மாதவ நாயரையும் ஒருங்கு கூட்டினவரும் அவரே என்ப. அக்கூட்டுறவாலன்றோ 1916 நவம்பரில் தென்னிந்திய நலவுரிமைச் சங்கம் எழுந்தது! தம்மினும் புகழ்மிக்கார் இருவரைக் கூட்டுவிப்பான், தான் மூன்றாமவனாய்ப் பின்னிற்க நேருமென்பதனை முன்னரே அறிவான். அறிந்தும் கூட்டுவித்தலே தலைமையின் முதற்படி.

தியாகராயர் செய்தது விடுதல். 1852இற் பிறந்த அவர், சென்னை நகராண்மைக் கழகத்தில் ஏறத்தாழ நாற்பதாண்டு உறுப்பினராயிருந்தவர். 1920இல் அதன் தலைவராயினார். ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைச் சிறார்க்குக் கழகத்தின் செலவில் உணவளிக்கத் தீர்மானித்ததும் அவ்வாண்டிலேயே. நாளொன்றுக்குச் சிறுவனொருவனுக்கு ஓரணாவிற்கு மேற்படாமை வேண்டுமென்பது வரையறை. அவ்வாண்டு நவம்பரில் நிகழ்ந்த தேர்தலில் அவர்தம் சங்கம் வெற்றிபெற்றது. ஆளுநர் வில்லிங்டன் பிரபு அமைச்சரவை அமைக்குமாறு அவரை அழைத்தார். அவரோ தாம் ஏலாது, சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சராக இசைந்தார். அவர் உடல்நலங் குன்றி 1921இல் விலகவே, பனகல் அரசர் அப்பதவியை ஏற்றார். தியாகராயரோ 1925இல் மறையுந்துணையும் சங்கத்தின் தலைவராக மட்டுமே நின்றார்.

அற்றேல், பதவியை ஏலாமை கடமையினின்றும் நழுவுதலன்றோ எனின், அன்று. உழைப்பினின்று விலகுதல் வேறு, உழைப்பின் பயனினின்று விலகுதல் வேறு. சங்கத்தின் பொறுப்பைச் சுமந்துகொண்டே பதவியை மட்டும் பிறர்க்கு விட்டமையால், அது பின்னதேயாம். ஒருவன் துறந்தமையாற் பிறர் ஆசையும் ஒழிந்துவிடுமோ எனின், அதுவுமன்று. சங்கத்தினின்றும் பிரிந்தார் சிலர் எதிரணியிற் சேர, 1923இல் அமைச்சரவைமேல் நம்பிக்கையில்லாத் தீர்மானங் கொணரப்பட்டது. அது தோற்றதெனினும் பிளவு பிளவே. 1926 தேர்தலிற் சங்கம் ஆட்சியை இழந்தது. தலைவனது துறவு தொண்டர்க்கு எடுத்துக்காட்டாகுமேயன்றி மருந்தாகாது. மருந்து அவரவரே உண்ணற்பாலது.

பனகல் அரசர் செய்தது ஆற்றுதல். 1922இற் கொணர்ந்து 1925இற் சட்டமாக்கிய இந்து சமய அறநிலையச் சட்டத்தால் அவர் பெயர் நம்மனோர்க்கு நன்கு தெரியும். அதுபற்றி மடங்களிலும் கோயில்களிலும் எழுந்த வழக்குக்கள் பல. அவை நிற்க. அதன் அடியிற் கிடந்த வினா ஒன்றே: இறைவன் பொருளைக் காப்பவன் கணக்குக் காட்டக் கடவனோ, அல்லனோ? காப்பவன் உடையவன் அல்லனாகலின், காட்டக் கடவன் என்பதே அறம். அரசு கேட்பினும் கேளாதொழியினும், அக்கடன் ஒழிவதன்று.

இனி நம் சாத்திரத்துள் இப்பொருட்கு உரிய இடம் யாதெனின், கூறுதும். ஆணவமலம் ஒன்றேயுடைய விஞ்ஞானகலருள் பக்குவமுற்றார் சிலரை, இறைவன் அநந்தர் முதலிய வித்தியேசுரராக்கிச் சுத்தமாயையின்கண் அதிகாரத்தில் நிறுத்துவன். அத்துணை உயர்ந்தார்க்கும் ஆணவத்தின் வாசனையாய் எஞ்சிநிற்பதொன்றுண்டு. அதற்கு அதிகாரமலம் என்று பெயர். இங்ஙனம் பெயரிட்டு உணர்த்திய நம் ஆசிரியரது நுண்மை வியக்கற்பாலது! பொன்னாசையை விட்டானும், போகத்தை வெறுத்தானும், "யான் இலனாயின் இது நடவாது" என்னும் எண்ணத்தை விடுதல் அரிது. அது தீயோரைப் பற்றுவதினும் நல்லோரை மிகப் பற்றும். ஏனெனில் தொண்டென்னும் உடை போர்த்து வரும்.

எனின், ஒருவரும் தலைமை ஏலாதொழிதலே தக்கதோ? அன்று. அநந்தர்க்கு அதிகாரத்தைத் தந்தவன் இறைவனே. அதனைச் செய்து முடித்தலாலேயே அவ்வாசனையும் கழியும். செயலை ஒழித்தலான் மலம் ஒழியாது. தன் பொருட்டன்றிச் செய்தலான் ஒழியும். இறைவனது மறைத்தற்றொழிலை ஈண்டு நினைக. அவன் தன்னை மறைத்துக்கொண்டே உயிர்களை வினைசெய்வித்து நுகர்வித்துப் பக்குவப்படுத்துகின்றான். ஆதலின் அம்மறைப்பும் அருளேயாம். தலைவன் எல்லாவற்றையும் தானே செய்து காட்டுவனாயின், கீழுள்ளார் என்றும் குழவிகளே. தக்க காலத்தே தன் கையை மறைத்துக்கொள்வானாயின், அவர் வளர்வர். அமெரிக்க நாட்டிலே தொலைபேசிக் கழகமொன்றை நடத்திய பார்னார்டு என்பார், 1938இல் வெளியிட்ட நூலில், ஆணையின் வலி இடுவோனிடத்ததன்று, ஏற்போனிடத்ததே என்று நிறுவினார். ஏற்போன் அறிவுடையனாய் வளர்ந்தாலன்றி அவ்வேற்பும் மெய்யாதல் யாங்ஙனம்?

நம் ஆதீனங்களில், பட்டத்திலிருப்பவர் தம் வாழ்நாளிலேயே இளைய பட்டத்தை நியமிக்கும் முறை உண்டு. அடியேன் இளமையில் மடத்திற் பாடங்கேட்ட காலத்து, அதனைச் சடங்கெனவே கருதினேன். முதுமையிற்றான் அதன் பொருள் விளங்கிற்று. தனக்குப்பின் வருவானைத் தன் கண்ணெதிரே இருத்தி வைத்துக்கொண்டு ஆளுதல், நாடோறும் தன் நிலையாமையைத் தானே காண்டல் அன்றோ!

இதனை அடியேன் கற்றது நூலாலன்று, பிழையால். ஓய்வுபெற்றபின் ஒரு சிறு திருமுறை வழிபாட்டுச் சபைக்குச் செயலாளனாய் ஒன்பதாண்டிருந்தேன். திறவுகோலும் என்னிடம், கணக்கும் என்னிடம், ஓதுவாரை அழைப்பதும் பிரசாதத்திற்குச் சொல்வதும் யானே. இளைஞர் சிலர் முன்வந்தபோது, "உங்களுக்குப் பழக்கமில்லை" என்று விலக்கினேன். ஓராண்டு மார்கழியில் நோயுற்றுக் கிடந்தேன். சபை இரண்டு திங்கள் நடவாதாயிற்று. அதனைக் கேட்டவுடன் என் நெஞ்சில் முதற்கண் எழுந்தது துயரமன்று, மகிழ்ச்சி. "நானின்றி நடவாது" என்னும் மகிழ்ச்சி! அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஆணவத்தின் சொரூபம் யாதென வினாவிய அருணந்திசிவாசாரியர்க்கு மெய்கண்டதேவர் அவரையே காட்டியருளிய வரலாற்றைப் பலகால் பிறர்க்குப் பாடஞ் சொல்லியிருக்கின்றேன். அன்றுதான் அவ்விரல் என்னைச் சுட்டிற்று. தேறியபின் திறவுகோலை ஓர் இளைஞர் கையிற் கொடுத்தேன். முதல் திங்களிற் கணக்கில் பிழை நேர்ந்தது. வாய்திறவாதிருத்தல் நோயினும் அரிதாயிற்று. இப்பொழுது சபை முன்னினும் நன்கு நடைபெறுகின்றது. அங்கே யான் கேட்போருள் ஒருவன்.

அம்மாணாக்கர்க்கு யாம் சொல்லிய விடை இதுவே. தம்பி, நும் நூல் கூறும் ஐந்தனையும் நன்கு கற்க. திட்டமும் கணக்கும் இன்றி நல்லெண்ணம் மட்டும் ஒரு சாலையையும் நடத்தமாட்டாது. கற்றபின், தலைமை ஏற்குங் காலத்து மூன்று வினாக்களைத் தனியிருந்து வினாவுக. என்னினும் வல்லாரை ஒருங்கு சேர்க்க என் நெஞ்சு இசையுமோ? பயனைப் பிறர்க்கு விட்டுச் சுமையை மட்டும் தாங்க இசையுமோ? கேளாமுன்னரே கணக்குக் காட்ட இசையுமோ? இசையுமெனின், பதவியை அஞ்சாது ஏற்க. இசையாதெனினும் ஏற்க, ஆனால் திறவுகோலின் மற்றொரு படியைப் பிறரொருவர் கையில் முன்னரே கொடுத்துவைக்க.