தேடிக்கொண்ட காயம்

நோயாளியைப் பார்க்கப் போவது ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்று. எங்கள் கிழக்கிலங்கை ஊர்களில் இந்தக் கடமைக்கு மட்டும் குறைவே கிடையாது. ஒருவர் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய செய்தி அஸருக்குக் கிடைத்தால், மஃரிபுக்குள் அந்த வீட்டு விறாந்தையில் கதிரை போதாமற் போய்விடும். வருகிறவர்கள் பிஸ்கட் பெட்டியோடும் துஆவோடும் ஒரு கேள்வியையும் கொண்டு வருகிறார்கள். "என்ன வருத்தம்?"

நாள் குறித்து, காசு கட்டி, மாதக்கணக்கில் ஆயத்தம் செய்து, தானே நடந்துபோய்ப் படுத்துக்கொண்ட ஒருவர் இதற்கு என்ன விடை சொல்வது? சுகமாகத்தானே போனார், திரும்பும்போதுதானே கூனிக்கொண்டு வந்தார். தானே தேடிக்கொண்ட காயத்துக்கு மற்றவரின் இரக்கத்தையும் துஆவையும் பெறும் உரிமை உண்டா? 2023ஆம் ஆண்டு எனக்கு வயிற்றுத் தோலைக் குறைக்கும் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நடந்தது. ஆகவே இது எனக்கு ஏட்டுக் கேள்வியன்று.

மூன்று பிள்ளைகளைப் பெற்றவள் நான். கடைசிப் பேறுக்குப் பிறகு எடை 104 கிலோவரை போயிற்று. நீரிழிவும் வந்து சேர்ந்தது. சோற்றைக் குறைத்து, மருந்தெடுத்து, ஸுபஹுக்குப் பின் கடற்கரையில் நடந்து, மூன்று வருடங்களில் 36 கிலோவை இறக்கினேன். கொழுப்பு போனது; அதைச் சுமந்திருந்த தோல் போகவில்லை. அளவுக்கு மிஞ்சி இழுபட்ட தோல் திரும்பச் சுருங்குவதில்லை என்பதும், எந்த அப்பியாசமும் அதைச் சுருக்காது என்பதும் பலருக்குத் தெரியாது. அடிவயிற்றில் ஏப்ரன் கட்டியதுபோல அது தொங்கியது. அதன் மடிப்புக்குள் வியர்வை தேங்கும், புண்ணாகும், பூஞ்சணம் பிடிக்கும். சித்திரை, வைகாசி வெக்கையில் அந்த நாற்றம் எனக்கே தெரியும். மற்றவர்களுக்கும் தெரியுமோ என்ற பயத்தில் கல்யாண வீடுகளில் ஓரக் கதிரை தேடினேன். இதுதான் என் வருத்தம். ஆனால் இதை விறாந்தையில் வைத்துச் சொல்ல முடியுமா?

மார்க்கம் பேசுகிறவர்கள் இரண்டு பக்கம் நின்றார்கள். அல்லாஹ்வின் படைப்பை மாற்றச் செய்வது ஷைத்தானின் சபதம் என்று சூறத்துந் நிஸாவில் வருவதை ஒரு பக்கத்தார் நினைவூட்டினார்கள். மறுபக்கத்தார் 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியின் தீர்மானத்தை எடுத்துக் காட்டினார்கள். பிறப்பில் வந்த குறையையும் பின்னால் வந்த குறையையும் சீர்செய்யலாம். உடலையோ மனத்தையோ வருத்தும் அவலட்சணத்தை நீக்கலாம். இயல்பான உருவத்தை மன இச்சைக்காகவும் பிறரைப் பார்த்தும் மாற்றுவது கூடாது என்பது அதன் சாரம். நல்ல தீர்மானந்தான். ஆனால் எது குறை, எது இச்சை என்பதை அது ஒவ்வொரு உடம்பாகப் பார்த்துச் சொல்ல முடியாது. என்னைப் போன்றவர்கள் அந்த இரண்டு வரிகளுக்கும் இடையில் நிற்கிறோம்.

எனக்கு அதிகம் வெளிச்சம் தந்தது அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ள அர்பஜா என்ற ஸஹாபியின் செய்தி. அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் யுத்தத்தில் அவர் மூக்கை இழந்தார். வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து வைத்தார். அது துர்நாற்றம் வீசியது. தங்கத்தால் செய்துகொள்ளும்படி நபியவர்கள் அவரிடம் சொன்னார்கள். ஆணுக்குத் தங்கம் ஹராம் என்பதை யாரும் மறக்கவில்லை. ஆயினும் அனுமதி கிடைத்தது. பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைக்கு ஆதாரமாக இச்செய்தியைப் பலர் எடுத்துச் சொல்வதுண்டு. நான் நின்று பார்த்தது வேறோர் இடம். உலோக மூக்கு மணக்காது, வாசம் பிடிக்காது. அதன் வேலை பெரும்பாலும் மற்றவர்களின் கண்களில்தான் நடக்கிறது. ஒரு மனிதன் மற்ற மனிதர் நடுவே முகம் கொடுத்து வாழ வேண்டியிருப்பது ஒரு தேவையாக அங்கே ஏற்கப்பட்டிருக்கிறது என்றே நான் விளங்கிக்கொண்டேன்.

"யாருமே பார்க்காத ஒரு தீவில் தனியே இருந்தால் இதைச் செய்வாயா?" என்று ஒரு சிநேகிதி கேட்டாள். புத்திசாலித்தனமான கேள்வி போலத் தோன்றும். ஆனால் அதே தீவில் அர்பஜாவும் மூக்கில்லாமல் இருந்திருக்கலாம். அல்லாஹ் எங்களைத் தீவில் படைக்கவில்லை, ஊரில் படைத்தான்.

இந்த நியாயத்தின் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பிறேசிலின் ஈவோ பிட்டாங்கி இத்துறையில் பெரும் பெயர். 1961 டிசெம்பரில் நிதெரோய் நகரில் சேர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தபோது, எரிகாயப்பட்ட சிறுவர்களுக்காக உழைத்தவர்களில் அவரும் ஒருவர். றியோ நகரின் சாந்தா காசா தர்ம வைத்தியசாலையில் ஏழைகளுக்கென ஒரு விடுதியைப் பல்லாண்டு நடத்தினார். தோற்றத்தால் வரும் மனவேதனையும் வேதனையே, அதற்கான சிகிச்சை பணக்காரருக்கு மட்டும் உரியதல்ல என்பது அவர் நிலைப்பாடு. எரிந்த பிள்ளையை அந்த நியாயம் காப்பாற்றியது. அதே நியாயத்தின் வாசலால் சந்தையும் உள்ளே வந்தது. 2016இல் அவர் காலமாகும்போது, அழகுச் சத்திரசிகிச்சை உலகிலேயே அதிகம் நடக்கும் நாடுகளில் ஒன்றாகப் பிறேசில் ஆகிவிட்டிருந்தது. வேதனை என்ற சொல்லை எவரும் சொல்லலாம். உண்மையாகவும் சொல்லலாம். ஆகவே, "எனக்கு வேதனை" என்பதோடு என் கேள்வி முடிந்துவிடவில்லை.

அதை முடித்துவைத்தது ஆயத்தக் காலம் என்றுதான் நினைக்கிறேன். கொழும்பில் நான் சந்தித்த வைத்தியர் முதல் நாளே திகதி தரவில்லை. எடை ஆறு மாதம் ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும் என்றார். இது மெலிவதற்கான சிகிச்சையல்ல, மெலிந்தவர்களுக்கான சிகிச்சை என்றார். இனிப் பிள்ளை பெறும் எண்ணம் உண்டா என்று கேட்டார். பெற்றால் தைத்த தசை மீண்டும் விலகும். புகைப்பதுண்டா, வெற்றிலையோடு புகையிலை போடுவதுண்டா என்றும் கேட்டார். நிக்கொட்டின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். உயர்த்தி இழுத்துத் தைத்த தோலின் விளிம்புக்கு இரத்தம் போகாமல் அது கறுத்துச் செத்துப்போகலாம். (இதைக் கேட்டு மாமி தன் வெற்றிலைத் தட்டத்தை மடிக்குள் இழுத்துக்கொண்டா.) ஹீமோகுளோபின் குறைவாக இருந்தது, இரும்புச்சத்து மாத்திரை, மீன், முட்டை என்று அதை ஏற்ற வேண்டியிருந்தது. சீனி அளவு கட்டுக்குள் நிற்க வேண்டும். அஸ்பிரினையும், நல்லதென்று நான் விழுங்கிவந்த வெள்ளைப்பூண்டு வில்லைகளையும் நிறுத்தச் சொன்னார். இரத்தம் உறைவதை அவை தாமதப்படுத்தும்.

பிறகு ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்புவரை கீழ்வயிற்றில் ஒரு வெட்டு. அங்கிருந்து விலா எலும்புவரை தோலை உயர்த்துவார்கள். பிள்ளைப்பேறுகளில் விலகிப்போன இரண்டு நெடுந்தசைகளையும் நடுவே சேர்த்துத் தைப்பார்கள். மிஞ்சிய தோலை வெட்டிவிட்டு, தொப்புளுக்குப் புதிதாக ஒரு வாசல் திறப்பார்கள். காலில் இரத்தம் கட்டி நெஞ்சுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து என்பதையும் மறைக்கவில்லை. தழும்பு மங்க ஒரு வருடமாவது பிடிக்கும், முற்றாக மறையாது. அடிவயிற்றில் உணர்ச்சி திரும்பாமலே போகவும் கூடும்.

அந்தத் தாளை ஆறு மாதம் என் அலுமாரியில் வைத்திருந்தேன். ஒரு மடிப்பைக் கொடுத்து ஒரு வடுவை வாங்குகிறேன். பிள்ளைகளின் உம்மாவை மயக்கமருந்து மேசையில் கொண்டுபோய் வைக்கிறேன். அவர் வெளிநாட்டில் உழைத்து அனுப்பியதில் ஒரு பங்கைச் செலவழிக்கிறேன். அழகுக்காக என்றால் இது நட்ட வியாபாரம். புண்ணில்லாமல் ஒரு கோடையைக் கழிப்பதற்காக என்றால்? ஒவ்வொரு மாதமும் எடை போடப் போகும்போது இதே கணக்கை மீண்டும் போட்டேன். நிய்யத்தை விசாரிக்க வேண்டிய காலம் அதுதான். விசாரிக்க வேண்டியவள் நானேதான். கட்டிலில் படுத்த பிறகு அந்த விசாரணைக்கு இடமில்லை.

சத்திரசிகிச்சை நான்கு மணித்தியாலம் எடுத்ததாகச் சொன்னார்கள். வெட்டி எடுத்தது இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். உடலிலிருந்து பிரிந்ததை மண்ணில் புதைப்பது நல்லது என்று எங்கள் நூல்கள் சொல்கின்றன. அதைப் பற்றிக் கேட்க எனக்கு அப்போது வாய் வரவில்லை.

அன்று மாலையே எழுப்பி நடக்க வைத்தார்கள், இரத்தம் கட்டாமலிருக்க. நிமிர முடியாது; பத்து நாளுக்கு மேல் தொண்ணூறு வயதுக் கிழவியாகத்தான் நடந்தேன். தலைமாட்டை உயர்த்தி, முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துத்தான் தூக்கம். இருமல் வந்தால் வயிற்றோடு தலையணையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். சிரிப்பு வந்தாலும் அப்படித்தான். வயிற்றின் இரு கரையிலும் இரண்டு குழாய்கள். நுனியில் கைக்கடக்கமான பிளாஸ்டிக் குமிழ்கள். அவற்றில் சேரும் நீரைக் காலையும் மாலையும் அளந்து அப்பியாசக் கொப்பியில் எழுதும் வேலையை மூத்த மகள் எடுத்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு 30 மில்லிலீற்றருக்குக் கீழே வந்தபோது, ஒன்பதாம் நாள், குழாய்களைக் கழற்றினார்கள். இறுக்கமான பட்டி ஆறு வாரம். பாரம் தூக்குவது அதுவரை கூடாது. நீர்க்குடத்துக்கும் இளையவனுக்கும் ஒரே சட்டம்.

வுழூவின் உறுப்புகளில் வயிறு இல்லை என்பது ஒரு நிம்மதி. ஆனால் காலைக் கழுவக் குனிய வேண்டுமே. மகள்தான் நீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். கதிரையில் இருந்து, சுஜூதுக்குச் சைகை செய்து தொழுதேன்.

விறாந்தைக்கு வந்தவர்களிடம் மாமி, "வயித்தில கட்டி, எடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டிருந்தா. என் மானத்தைக் காக்கச் செய்த காரியம். வந்தவர்கள் கண்கலங்கி ஷிபாவுக்கு துஆ கேட்டார்கள். இல்லாத கட்டிக்குக் கேட்கப்பட்ட துஆவுக்கு ஆமீன் சொல்ல எனக்கு நா எழவில்லை. "கட்டி இல்ல சாச்சி, தொங்கின தோல வெட்டித் தச்சிருக்கு" என்று சொல்லத் தொடங்கினேன். முகங்கள் மாறின. "அல்லாஹ் தந்த ஒடம்புகா இது, ஒனக்கென்ன கொறஞ்சி போச்சி" என்றார் ஒருவர். இன்னொருவர், "தானே போய் வெட்டிக்கிட்டதுக்கு நாம என்னத்தச் சொல்ற" என்று வாசலில் வைத்துச் சொன்னது உள்ளே கேட்டது. மூன்றாமவர் எல்லோரும் போகும்வரை இருந்து, டொக்டரின் பெயரை இரகசியமாகக் கேட்டார்.

வாசலில் சொல்லப்பட்ட அந்த வசனம்தான் என்னோடு தங்கியது. அந்தக் கிழமை உறவுமுறையான ஒரு மௌலவியிடம் தொலைபேசியில் கேட்டேன்: நானே தேடிக்கொண்ட இயலாமையால் இருந்து தொழுத தொழுகைகளைப் பிறகு மீட்ட வேண்டுமா? ஷாபிஈ சட்ட நூல்களில் வரும் ஓர் உதாரணத்தை அவர் சொன்னார். தேவையில்லாமல் ஓரிடத்திலிருந்து குதித்து ஒருவன் காலை முறித்துக்கொள்கிறான், இருந்து தொழுகிறான். கால் சுகமான பின் அவன் அவற்றை மீட்டத் தேவையில்லை என்பதே வலுவான கருத்து. (குழாய்கள் இருந்த நாட்களின் தொழுகைக்கு, அசுத்தம் பற்றிய சட்டத்தின்படி வேறொரு விளக்கமும் சொன்னார், அது தனி விடயம்.)

அந்த உதாரணம் எவ்வளவு இரக்கமானது என்பதை நான் அதிக நேரம் யோசித்தேன். குதித்தது சரி என்று அது சொல்லவில்லை. அதற்கு அவன் பதில் சொல்ல வேண்டியிருக்கலாம். ஆனால் முறிந்த கால் முறிந்த கால்தான். நிற்க முடியாதவன் நிற்க முடியாதவன்தான். காயத்தின் தேவையைக் காயத்தின் காரணத்திலிருந்து அந்தப் பழைய சட்ட அறிஞர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் விறாந்தைகளில் அந்தப் பிரிப்பு இல்லை. சிகரட்டால் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவருக்குச் சூப் போகிறது. ஹெல்மட் போடாமல் விழுந்தவனுக்கு யாசீன் ஓதப்படுகிறது. கல்யாணப் பேச்சுக்கு முன் குமருக்குப் பல்லில் கம்பி போடுவதை யாரும் படைப்பை மாற்றுவதாகச் சொல்வதில்லை. ஒரு பெண் தன் வயிற்றைப் பற்றி ஒரு முடிவெடுத்தால் மட்டும் துஆவுக்கு முன் வழக்கு விசாரணை தேவைப்படுகிறது.

இவ்வளவும் எழுதிய பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. கொப்பியில் அளவு எழுதிய மகளுக்கு இப்போது இருபது வயது. சீனி இல்லை, புண் இல்லை, 52 கிலோ. தன் தொடை பருத்திருப்பதாகவும், உழைக்கத் தொடங்கியதும் கொழுப்பை உறிஞ்சி எடுக்கப்போவதாகவும் சென்ற மாதம் சொன்னாள். "நீங்க செய்யலையா உம்மா?" என்றாள். என் நியாயங்கள் என் உடம்புக்கு எழுதப்பட்டவை, கடன் தர முடியாது என்றேன். எனக்கு வேதனையில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். நான் விறாந்தையில் உட்கார்ந்திருந்தவர்களைப் போலப் பேசுகிறேனோ என்று எனக்கே பட்டது. ஆனால் அவள் இன்னும் குதிக்கவில்லை. கேள்வி கேட்கும் காலம் முடியவில்லை. அந்த வைத்தியர் வரைந்து தந்த தாளை எடுத்து அவளிடம் கொடுத்திருக்கிறேன். ஆறு மாதம் வைத்திருக்கச் சொன்னேன். வாங்கி வைத்துக்கொண்டாள்.