கேளாமற் சொன்ன பழுது

ஒருவர் தம் தொழிலில் வல்லவர் என்பதற்காகவே அவரை வீட்டுக்கு அழைக்கிறோம். அவர் வந்து சேர்ந்ததும் அவ்வல்லமையையே ஐயுறத் தொடங்குகிறோம். நாம் அறியாததை அவர் அறிவார் என்பது நம் நம்பிக்கைக்கும் அடிப்படை, நம் அச்சத்துக்கும் அதுவே அடிப்படை. மருத்துவரிடத்தும் வழக்குரைஞரிடத்தும் இம்முரண் தோன்றுவதுண்டு. நமக்கோ அது இலண்டன் புறநகரில் ஒரு சமையலறையில், கம்பளி மேலங்கிக்குள் நடுங்கி நின்றபோதுதான் உறைத்தது.

2018ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களின் இறுதி நாள்கள். கிழக்கிலிருந்து வீசிய கடுங்குளிரால் பிரித்தானிய நாடு பனியில் மூழ்கியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து புலம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் இல்லத்தில் நாம் விருந்தினராய்த் தங்கியிருந்தோம். அங்கு பெரும்பாலான வீடுகளில் எரிவாயுக் கொதிகலன் ஒன்று நீரைச் சூடாக்கும். அந்நீர் குழாய்கள் வழியே ஒவ்வோர் அறையிலும் சுவரோரம் பொருத்திய தகடுகளுக்குச் சென்று, வெப்பத்தை இறக்கிவிட்டு மீளும். இவ்வீட்டுக் கொதிகலன் மிகப் பழையது. அறைக்காற்றையே உட்கொண்டு எரிந்து, புகையைப் புகைபோக்கி வழியே மேலே அனுப்பும் வகையினது. அதனுள் ஓயாது எரியவேண்டிய சிறு சுடர் இரண்டு நாள்களாக நிற்கவில்லை. பொத்தானை அழுத்திப் பற்றவைத்தால் எரியும். விரலை எடுத்தால் அணைந்துவிடும்.

பழுதுபார்க்க வந்தவர் நடுவயதினர், அதிகம் பேசாதவர். நுழைந்ததும் அடையாள அட்டையை நீட்டினார். எரிவாயுக் கருவிகளைத் தொழிலாகப் பழுதுபார்ப்போர் பதிவு பெற்றிருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். 2009ஆம் ஆண்டு முதல் ‘கேஸ் சேஃப்’ என்னும் பதிவேடு அதற்கென உள்ளது. அட்டையின் பின்புறத்தில், எவ்வெவ் வேலைக்கு அவர் தகுதி பெற்றவர் என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். நாம் உட்பட எவரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

சில நிமிடங்களில் குறையைக் கண்டுகொண்டார். ‘தெர்மோகப்பிள்’ என்றொரு சிறு உறுப்பு. அதன் நுனி சுடரில் காயும்வரை மிகச் சிறிதளவு மின்னழுத்தம் பிறந்து, எரிவாயுவின் அடைப்பானைத் திறந்து வைத்திருக்கும். சுடர் அணைந்தால் நுனி ஆறும், அடைப்பான் தானே மூடும், எரியாத வாயு வீட்டுக்குள் பரவாது. அவ்வுறுப்புத்தான் தேய்ந்து போயிருந்தது. புதியதொன்றைப் பொருத்தினார். அரைமணியில் தீ எழுந்தது, தகடுகள் வெதுவெதுப்பாயின. வீட்டம்மையார் தேநீர் வைக்க எழுந்தார்.

வேலை முடிந்தது என்றே நினைத்தோம். அவர் நினைக்கவில்லை. புகையும் குச்சி ஒன்றைக் கொளுத்திக் கொதிகலனின் புகைவாயருகே பிடித்தார். மேலே செல்லவேண்டிய புகை அறைக்குள்ளேயே திரும்பிற்று. உள்ளே எரிந்த தீயும் நீலமாய் இராது மஞ்சளாய் ஆடியது. அவர் சுவரை நோக்கினார். வெளிக்காற்று வருவதற்காக விடப்பட்ட துளையில், குளிருக்கு அஞ்சிப் பாட்டியார் பழஞ்சேலைத் துணியைத் திணித்து நாடா ஒட்டியிருந்தார். அதைப் பிடுங்கியபின் மறுபடி சோதித்தார். மறுபடியும் புகை திரும்பிற்று. மேலே புகைபோக்கியும் அடைபட்டிருக்கிறது என்றார். தாம் ஏற்றிய தீயைத் தாமே அணைத்தார். எச்சரிக்கைச் சீட்டொன்றைக் கட்டி, ஒப்பமிடுமாறு தாளை நீட்டினார்.

“சின்னப் பிள்ளை இருக்கு, கிழவி இருக்கு, இந்தக் குளிரிலை நாங்கள் என்ன செய்யிறது?” என்று வீட்டுக்காரர் மன்றாடினார். அவர் அசையவில்லை. இசைவு தராவிடில் எரிவாயு அவசரப் பிரிவுக்கு அறிவிக்க நேரும் என்று மட்டும் சொன்னார். வந்ததற்கும் உறுப்புக்குமான கூலியைப் பெற்றுக்கொண்டு போய்விட்டார். தேநீர் ஆறிக் கிடந்தது.

“இவையளுக்கு இதுதான் வேலை ஃபாதர். பழசு சரிவராதெண்டு பயப்பிடுத்திப் புதுசை வித்துப்போடுவினம். எங்கடை ஆள் ஒருத்தர் இருக்கிறார். காட் கீட் ஒண்டும் இல்லை, ஆனால் கெட்டிக்காரன். வந்து பத்தவைச்சு விடுவார்.”

நாம் மறுமொழி கூறவில்லை. கூறியிருக்கவேண்டும். உண்மையைச் சொன்னால், அந்தக் கெட்டிக்காரர் உடனே வரமாட்டாரா என்று நம் உள்ளமும் ஏங்கிற்று. குளிர் அத்தகையது.

போதிய காற்றின்றி எரியும் தீ கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சை உண்டாக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியின் செந்நிறப் பொருளோடு உயிர்க்காற்றைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் அது ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலியும் சோர்வும் வரும். சளிக்காய்ச்சல் என்றே எண்ணத் தோன்றும். உறக்கத்தில் தாக்கினால் எழவும் இயலாது. இவையெல்லாம் நாம் பின்னர் படித்தறிந்தவை. அன்றிரவு ஓர் அறையில் ஒரே மின்கணப்பைச் சுற்றி அறுவரும் படுத்திருந்தபோது, அம்மனிதரின் உறுதியில் கடுமையை மட்டுமே கண்டோம்.

மாம்பழம் இனிப்பதை உண்டபின் அறியலாம். பழுதுபார்ப்பு அத்தகையதன்று. மாற்றிய உறுப்பு உண்மையில் மாற்றப்பட வேண்டியதுதானா என்பதைப் பணம் கொடுத்த பின்னும் அறியோம். இத்தகைய பணிகளின் இயல்பைப் பொருளியலார் டார்பி, கார்னி இருவரும் 1973ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து, இவற்றுக்கெனத் தனிப்பெயரும் இட்டனர். நாம் கண்ட நிகழ்ச்சியோ அதனினும் ஒரு படி கடினமானது. அவருடைய எச்சரிக்கைக்குச் செவிகொடுத்தால் எதுவும் நிகழாது. நிகழாத ஒன்றைக் காட்டி எவர் தம் நேர்மையை மெய்ப்பிக்க இயலும்? வஞ்சகர் சொன்னாலும் அதே சீட்டு, அதே குளிர்.

பழங்கால அறிஞரும் இதனை ஒட்டி வாதாடியுள்ளனர். நோய் விளைக்கும் வீடு, அறைதோறும் பாம்பு. விற்பவன் அதைச் சொல்லியாக வேண்டுமா? சொல்லவேண்டியதில்லை என்றார் தியோஜெனஸ். அவருடைய மாணவர் அந்திப்பாத்தர், சொல்லாது விடுவது வழி தவறியவனுக்கு வழிகாட்டாமல் விடுவதனினும் கொடிது என்றார். இவ்வழக்கைப் பதிவு செய்த சிசெரோ மாணவர் பக்கமே சாய்ந்தார். புனித தோமா அக்குவினாஸ் இன்னும் நுட்பமாகப் பிரிப்பார்: வரவிருக்கும் விலை வீழ்ச்சியை வணிகன் சொல்லாது விடலாம், ஆனால் மறைந்திருந்து ஆபத்து விளைக்கும் குறையைச் சொல்லியே தீரவேண்டும்.

எனினும் இவர்கள் பேசுவது விற்பவன் தன் பொருளின் குறையைப் பற்றி. நம் தொழிலாளர் வீட்டையும் விற்கவில்லை, கொதிகலனையும் விற்கவில்லை. அவரிடம் கேட்கப்பட்டது ஒன்றே: சுடர் நிற்கவேண்டும். அதை நிறுத்திவிட்டார். ‘அச்சோதனையை விதிகளே கட்டளையிடுகின்றன, அவர் விதிக்குப் பணிந்தார், அவ்வளவே’ எனச் சிலர் கூறலாம். கூறட்டும். புகைக்குச்சியைக் கொளுத்தாமலே அவர் வெளியேறியிருந்தால் அச்சமையலறையில் யாருக்குத் தெரிந்திருக்கும்? நன்றியும் தேநீரும் அல்லவா கிடைத்திருக்கும்!

கேட்டதைச் செய்வது கூலிக்குரிய கடன். கேட்கத் தெரியாததைச் சொல்வதும் கடனே என்பது நம் துணிபு. ஏனெனில் அவர் கையில் நாம் ஒப்படைத்தது கொதிகலனை மட்டுமன்று, நம் அறியாமையையும் கூட. ஆனால் மறுபக்கத்தையும் மறைப்பதற்கில்லை. நாம் விரும்பியதைச் சொல்பவரைப் புகழ்ந்து, விரும்பாததைச் சொல்பவரைத் திருடர் என்று ஏசி, தொழிலாளரை மெல்ல மெல்லப் பொய்க்குப் பழக்குகிறவர்கள் நாமே.

அட்டையில்லாக் கெட்டிக்காரர் பனியினால் வரமுடியாது போயிற்று. மூன்றாம் நாள் பதிவு பெற்ற வேறொருவர் வந்து, புகைபோக்கியிலிருந்து பறவைக் கூட்டின் சுள்ளிகளைக் கூடைகூடையாய் எடுத்தார். முன்னவர் செய்தது சரிதானா என்று வீட்டுக்காரர் விடாது கேட்டார். “இப்படியே பத்து ஆண்டு ஓடியிருக்கலாம், ஓரிரவும் ஓடாதிருந்திருக்கலாம்” என்று தோளைக் குலுக்கினார் அவர்.

அடுத்த குளிர்காலத்துக்கு முன் தொலைபேசியில் நலம் வினவியபோது, ஆண்டுச் சோதனைக்கு முதலில் வந்தவரையே அழைத்ததாக வீட்டுக்காரர் சொன்னார். வந்தவர் கொதிகலனைத் தொடுமுன் நேரே சுவரிடம் சென்றாராம். துளையில் பாட்டியார் மறுபடியும் சேலைத் துணியைத் திணித்து வைத்திருந்தாராம்.