உடன் செல்வோர் எல்லாம் உடன்பிறந்தோரா?

புதியவர் ஒருவரைக் கண்டதும், "எந்த ஊர்? யாருடைய பிள்ளை?" என்று கேட்பது நமது வழக்கம். விடை கிடைத்ததும் அவரை முற்றாக அறிந்துவிட்டதாக எண்ணுகிறோம். அன்பான வாசகரே, ஒருவரது பூர்வீகத்தை அறிவது அவ்வளவு எளிதா? அறிந்துவிட்டால் அவரை அளந்துவிட்டோமா? விண்மீன்களின் பூர்வீகத்தைத் தேடும் வானியலாளரிடம் இதற்கு நல்ல பாடம் உண்டு.

வட வானத்துச் சப்தரிஷி மண்டலத்தின் ஏழு மீன்களும் ஒரே குடும்பம் போலத் தோன்றுகின்றன. ஆனால் அவற்றுள் ஐந்தே ஒன்றாகச் செல்கின்றன என்பதை 1869இல் றிச்சாட் புறொக்டர் என்ற ஆங்கிலேயர் கண்டறிந்தார். மற்றைய இரண்டும் வேறு வழி செல்பவை. அருகில் தெரிவதெல்லாம் உறவல்ல.

ஒன்றாகச் செல்பவையேனும் உறவா? அதுவும் நிச்சயமில்லை. ஒரே முகிலிற் பிறந்த மீன்கள் அம்முகிலின் மூலகச் சேர்க்கையையே பெரிதும் தாங்கி நிற்கும். வழி மாறலாம், சேர்க்கை எளிதில் மாறாது. சூரியனுக்கு அண்மையில் ஒரே போக்கிற் செல்லும் 'ஹேர்க்குலிஸ் ஓடை' மீன்களை, சிதறிய ஒரு குடும்பமெனச் சிலர் கருதினர். அவற்றின் ஒளியைப் பிரித்து, இரும்பு, மக்னீசியம் முதலியவற்றை அளந்த 2007ஆம் ஆண்டு ஆய்வோ, அவை பல வயதும் பல சேர்க்கையும் உடையவை எனக் காட்டியது. பால்வீதியின் ஈர்ப்பே அந்நியரை ஒருவழிப்படுத்தியது என்பதே இன்றைய விளக்கம்.

போக்கும் சேர்க்கையும் ஒத்துச் சாட்சி சொன்ன இடமும் உண்டு. ஏறக்குறைய 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் நமது பால்வீதியோடு கலந்த இன்னொரு சிறிய பால்வீதியின் மீன்கள், 'காயா' விண்கலத்தின் அளவீடுகளால் 2018இல் இனங்காணப்பட்டன. அவை வெளியிலிருந்து வந்தவையே. ஆயினும் பால்வீதியைச் சூழ்ந்துள்ள பழைய மீன்களுள் பெரும்பங்கு அவையே. அவற்றைத் தேடியது கதையை அறியவேயன்றி, ஒளியைக் குறைத்து மதிப்பிட அல்ல.

நாமோ, கூட்டாளியைப் பார்த்தே ஒருவர்மீது குற்றம் சுமத்துகிறோம். குலத்தைக் கேட்டே பந்தியில் இடம் ஒதுக்குகிறோம். முன்னது அரைச் சாட்சியத்தில் எழுந்த தீர்ப்பு. பின்னது அதனிலும் கொடிது: முழுச் சாட்சியம் இருந்தாலும், பூர்வீகம் ஒருவர் வந்த வழியையே சொல்லும், அவரது பெறுமதியைச் சொல்லாது.

ஆகவே, "யாருடைய பிள்ளை?" என்ற கேள்வி இனி நாவில் எழும்போது, அறிந்துகொள்ளக் கேட்கிறோமா, அளந்து ஒதுக்கக் கேட்கிறோமா என்று முதலில் நம்மையே கேட்போம்.