நாயின் விலையும் நாயின் கூலியும்

ஆடு மேய்க்கும் நாய்க்கு இன்ஷூரன்ஸ் எடுப்பது தேவைதானா என்ற கேள்வியை இந்தப் பக்கங்களில் எழுப்பினால், படிமத்தையும் பிரக்ஞையையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தவனுக்கு என்ன ஆயிற்று என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். தார்மிகப் பிரச்னைகள் எல்லாம் குருக்ஷேத்திரத்தில் ரதமேறித்தான் வரும் என்று நம்புவது ஒருவகை இலக்கிய மூடநம்பிக்கை. பெரும்பாலும் அவை ஒரு படிவத்தின் நாலாவது பத்தியில், கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு இது கொஞ்சம் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

தாமஸ் ஹார்டி 1874ல் எழுதிய 'ஃபார் ஃப்ரம் த மேடிங் க்ரவுட்' நாவலின் ஆரம்பப் பகுதியில் கேப்ரியல் ஓக்கிடம் இரண்டு நாய்கள் இருக்கின்றன. கிழட்டு நாய்க்கு வேலை தெரியும். அதன் குட்டிக்கு ஆட்டைத் துரத்த வேண்டும் என்பது மட்டும் தெரியும். எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரியாது. ஓர் இரவு அது இருநூறு சினைச் செம்மறிகளைத் துரத்திக்கொண்டே போய்ச் சுண்ணாம்புப் பள்ளம் ஒன்றில் விழச் செய்துவிடுகிறது. ஆடுகள் இன்ஷூர் செய்யப்படாதவை. ஓக் ஒரே இரவில் ஓட்டாண்டியாகிறான். மறுநாள் நண்பகலில் நாய் சுடப்படுகிறது. அளவுக்கு மீறி நன்றாக வேலை செய்ததற்கு அதற்குக் கிடைத்த கூலி அது.

இந்த இடத்தைப் பாடமாகப் படித்தவர்கள் ஹார்டியின் விதிக் கோட்பாட்டைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. ஆடுகள் இன்ஷூர் செய்யப்பட்டிருந்தனவா என்று நாவல் கணக்குப் பார்க்கிறது. நாயைப் பற்றி அந்தக் கேள்வியே எழவில்லை. ஆடு சொத்து; ஓக் முதலாளி. நாய் இந்த இரண்டிலும் சேரவில்லை. வேலை செய்யும்வரை அது யாருடைய கண்ணிலும் படாத உழைப்பு, தவறியதும் குற்றவாளி. பேரேட்டில் அதற்குப் பக்கமே இல்லை. அந்தப் பக்கத்தைத் திறப்பது என்றால் என்ன அர்த்தம் என்பதுதான் நம் கேள்வி.

முதலில் கணக்கு. இன்ஷூரன்ஸ் எடுப்பவர்கள், மொத்தமாகப் பார்த்தால், நஷ்டப்படுகிறவர்கள்தான். கம்பெனி சம்பளம் கொடுக்க வேண்டும், கட்டிடத்துக்கு வாடகை தர வேண்டும். ஆகவே கட்டியதைவிடக் குறைவாகத்தான் திரும்ப வரும். பின் ஏன் எடுக்கிறார்கள்? இதற்கு டேனியல் பெர்னூலி 1738ல் ஒரு பதில் சொன்னார். பீட்டர்ஸ்பர்க் வணிகன் ஒருவன் ஆம்ஸ்டர்டாமில் சரக்கு வாங்கியிருக்கிறான். வந்து சேர்ந்தால் 10,000 ரூபிள். நூறு கப்பல்களில் ஐந்து மூழ்கிவிடுகின்றன. அப்படியானால் நியாயமான பிரீமியம் 500 ரூபிள். கேட்பதோ 800. கட்டலாமா? வணிகனுக்கு இதைத் தவிர 5,043 ரூபிளுக்குக் குறைவான சொத்து இருந்தால் கட்டலாம், அதற்கு மேல் இருந்தால் வேண்டாம் என்கிறார் பெர்னூலி. ஏனென்றால் பணத்தின் கனம் அதை இழப்பவனின் வறுமையைப் பொறுத்தது. மூழ்கும் கப்பல் ஒன்றுதான். ஆனால் ஏழையின் கப்பல் அவனையும் கூட்டிக்கொண்டு மூழ்குகிறது.

இதை நாய்க்குப் பொருத்துவது எளிது. நூற்றுக்கணக்கில் நாய் வைத்திருக்கும் ராணுவத்துக்கோ போலீஸ் இலாகாவுக்கோ பாலிசி அநாவசியம். அது தனக்குத்தானே ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி. ஒற்றை நாயோடு மலையில் மந்தை வைத்திருப்பவன் கதை அப்படியல்ல. ஸ்காட்லாந்தின் இடையர் கவிஞர் ஜேம்ஸ் ஹாக் (1770-1835) தன் சிர்ரா என்ற நாயை ஒரு கினி கொடுத்து வாங்கினார். நள்ளிரவில் சிதறி ஓடிய சுமார் எழுநூறு குட்டிகளை அது தனியாகவே தேடி ஒன்றுசேர்த்த கதையை அவர் எழுதியிருக்கிறார். 2021ல் வேல்ஸில் கிம் என்ற ஒரு வயதுப் பெட்டை நாய் 27,100 பவுண்டுக்கு ஏலம் போயிற்று. ஒரு கினியிலிருந்து இவ்வளவு தூரம் வந்த பிறகு பாலிசி எடுக்காதவன்தான் முட்டாள் என்று தோன்றும். பெர்னூலியின் கணக்கில் அது சரியும்கூட.

ஆனால் கணக்கு இங்கே ஒரு காரியம் செய்துவிட்டது. நாயைச் சரக்காக்கி விட்டது. கப்பல் மூழ்கினால் நஷ்டம் வணிகனுக்கு மட்டும்தான். சர்க்கரை மூட்டைக்கு மூழ்குவதில் துயரமில்லை. நாய் முள்கம்பியில் கிழிபட்டாலோ, முழங்கால் தசைநார் அறுந்தாலோ, நஷ்டம் இரண்டு பேருக்கு. அதில் ஒருவனுடையது மட்டும்தான் பாலிசியில் எழுதப்படுகிறது. 1774ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஆயுள் இன்ஷூரன்ஸுக்கு ஒரு சட்டம் போட்டது: எவன் சாவினால் உனக்கு நஷ்டமில்லையோ அவன் பேரில் நீ பாலிசி எடுக்க முடியாது. அந்நியர் சாவின்மேல் பந்தயம் கட்டுவதை நிறுத்தப் போட்ட நல்ல சட்டம்தான். ஆனால் அதன் உள்ளர்த்தம் பாருங்கள். இன்ஷூரன்ஸ் பேசுவது சாகிறவனின் நஷ்டத்தைப் பற்றியல்ல; மிஞ்சுகிறவனின் நஷ்டத்தைப் பற்றி.

கறவை மாட்டுக் கடன் பைல்களைப் பார்க்கும் எவனுக்கும் இது பழக்கம். மாட்டின் காதில் நம்பர் போட்ட வில்லை. மாடு செத்தால் வில்லையைக் காட்ட வேண்டும். வில்லை இல்லையென்றால் க்ளெய்ம் இல்லை. பணம் வந்தால் முதலில் கடன் கணக்குக்குப் போகும். மாட்டுக்கு ஜுரம் வந்தபோது வைத்தியரைக் கூப்பிட்ட செலவைப் பற்றி அந்தப் பைலில் ஒரு காகிதமும் இருக்காது. அதில் மாடு சாகலாம், நோய்ப்பட முடியாது.

சாவுக்கு மட்டும் பணம் தரும் பாலிசி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சரித்திரம் ஓர் உதாரணம் வைத்திருக்கிறது. 1781ல் ஸாங் என்ற அடிமைக் கப்பலில் தண்ணீர் போதவில்லை என்று சொல்லி சுமார் 130 ஆப்பிரிக்கர்களைக் கடலில் தூக்கியெறிந்தார்கள். அவர்கள் தலைக்கு 30 பவுண்டு இன்ஷூர் செய்யப்பட்டிருந்தார்கள். நோயில் செத்தால் பணமில்லை. கப்பலைக் காக்க எறிந்தால் உண்டு. வழக்கு கொலை வழக்காக வரவில்லை, க்ளெய்ம் வழக்காக வந்தது. ஜூரி சொந்தக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1783ல் மான்ஸ்ஃபீல்ட் பிரபுவின் முன் வந்தபோது மறு விசாரணைக்கு உத்தரவாயிற்று. மனிதர்களை நாயோடு ஒப்பிட இதைச் சொல்லவில்லை. உழைக்கும் உயிரைச் சொத்தாக மட்டும் இன்ஷூர் செய்தால், ஒரு கட்டத்தில் அதன் சாவு அதன் உயிரைவிட லாபகரமாகிவிடும். அந்தக் கட்டத்தில் நிற்கிறவன் கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, கணக்குத் தெரிந்தவனாக இருந்தால் போதும்.

ஆகவே இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்று பொதுவாகக் கேட்பதில் பிரயோஜனமில்லை. எந்த இன்ஷூரன்ஸ் என்று கேட்க வேண்டும். ஒன்று, நாய் செத்தால் அதன் விலையைத் தருவது. இன்னொன்று, காயம்பட்டால் வைத்தியச் செலவைத் தருவது. முதலாவது 'வேறொன்று வாங்கிக்கொள்' என்கிறது. இரண்டாவது 'இதையே வைத்துக்கொள்' என்கிறது. இரண்டையும் ஒரே உறையில் போட்டு விற்கிறார்கள் என்பதால் இரண்டும் ஒரே பொருள் ஆகிவிடாது.

இரண்டாவதற்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடிபட்ட நாயின் முன் நிற்பவன் நல்ல நீதிபதி அல்ல. வைத்தியச் செலவு சில ஆயிரம் பவுண்டு; சாதாரண நாயின் விலை அதைவிடக் குறைவு; இது ஆடு ஈனும் பருவம், கையில் பணமில்லை. அந்த நிமிஷத்தில் துப்பாக்கி மலிவு, அதோடு அது கருணை என்ற பெயரிலும் வரும். பிரீமியம் கட்டுகிறவன் இந்தத் தீர்ப்பை வேறொரு நாளுக்கு, நாய் ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சாதாரண நாளுக்கு, மாற்றிவிடுகிறான். பின்னால் வரப்போகும் தன் பலவீனத்துக்கு முன்கூட்டியே ஒரு விலங்கு பூட்டிக்கொள்கிறான். வாக்குறுதி என்று நாம் சொல்வதும் இதைத்தானே? திருப்பிக் கேட்கத் தெரியாத ஒன்றுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற மூன்றாம் மனிதன் ஒருவனைச் சாட்சி வைத்துக்கொள்வது அவமானமில்லை.

ஆனால் கடைவீதி நிலவரம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. ஸ்வீடனில் 1890ல் குதிரைக்கும் கால்நடைக்கும் இன்ஷூரன்ஸ் ஆரம்பித்தார்கள், 1924ல் நாய்க்கு. பிரிட்டனில் 1947. அமெரிக்காவில் 1982ல் முதல் பாலிசி லாஸியாக நடித்த நாய்க்கு. அதாவது அங்கே இன்ஷூர் செய்யப்பட்ட முதல் நாயே ஒரு தொழிலாளி. அதன் பின் வளர்ந்ததெல்லாம் சோபாவில் படுத்திருக்கும் நாய்க்கான வியாபாரம். வீட்டு நாய்க்கான பாலிசிகள் பலவற்றில் வேலை செய்யும் நாய் விலக்கப்பட்டிருக்கும், அல்லது கூடுதல் பணம் கேட்பார்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணமில்லை. வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும். உழைக்காததற்குப் பாதுகாப்பு சுலபமாகக் கிடைக்கிறது. உழைப்பதற்கு அதன் உழைப்பே தகுதிக் குறைவு. இது கம்பெனிகளின் சதி இல்லை. ஆபத்து அதிகம், விலை அதிகம் என்ற பழைய தர்க்கம்தான். தர்க்கம் சரியாக இருப்பதால் அநியாயம் குறைந்துவிடுவதில்லை.

காண்ட்டை இங்கே கூப்பிடாமல் முடியாது. எல்லாவற்றுக்கும் ஒன்று விலை உண்டு, அல்லது கண்ணியம் உண்டு என்று 1785ல் பிரித்தவர் அவர். விலையுள்ளதற்கு மாற்று வைக்கலாம், கண்ணியமுள்ளதற்கு முடியாது. நாய் இதில் எந்தப் பக்கம்? தன் அறவியல் சொற்பொழிவுகளில் அவர் கிழ நாயைப் பற்றியே பேசுகிறார். நெடுங்காலம் விசுவாசமாக உழைத்த நாயை, உழைக்க முடியாமல் போனபின்னும் சாகும்வரை வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்கிறார். சுட்டுவிட்டால் நாய்க்குச் செய்யவேண்டிய கடமையில் தவறவில்லையாம். தன்னிடமுள்ள மனிதத்தன்மைக்குத்தான் தீங்கு செய்கிறானாம். நாய் இங்கே மனிதன் ஒத்திகை பார்க்கும் மேடை. ஆனால் அதே இடத்தில் மனித உழைப்போடு ஒப்பிட்டு, நாயின் உழைப்பும் பலனுக்குத் தகுதி பெறுகிறது என்றும் சொல்லிவிடுகிறார். தகுதி பெறுவது யார்? உழைத்தது நாய் என்றால் பாக்கி நிற்பதும் நாய்க்குத்தான். காண்ட் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே யாருமில்லை என்று சொல்லிப் போகிறார்.

சட்டமும் இதே தடுமாற்றத்தில் இருக்கிறது. 2016ல் இங்கிலாந்தில் ஃபின் என்ற போலீஸ் நாய் கத்தியால் குத்தப்பட்டபோது, நாயைக் குத்திய குற்றம் சொத்துச் சேதம் என்ற தலைப்பில்தான் வந்தது. 2019ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவம் சுமார் 4,000 நாய்களைப் பயன்படுத்தியது. ஊர் திரும்பியவை சுமார் 200. மற்றவை உபரித் தளவாடம். ஓய்வுபெற்ற ராணுவ நாயைத் தத்துக்கொடுக்க வழிசெய்த சட்டம் 2000ல் வந்தது. பாலிசி எடுக்கத் தேவையில்லாத அளவு பணக்கார எஜமானன் என்று மேலே சொன்னேனே, அந்த எஜமானனின் லட்சணம் இது. கையில் பணமிருந்தால் கடமையும் கூடவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

இனி, எந்தப் பாலிசியாலும் தொட முடியாத ஒன்று இருக்கிறது. வயோதிகம். இன்ஷூரன்ஸ் என்பது நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்பதற்குத்தான். பிழைத்துக் கிடக்கும் ஒவ்வொரு நாயும் கிழமாவது நிச்சயம். நிச்சயமானதை இன்ஷூர் செய்ய முடியாது, அதற்குச் சேமிக்கத்தான் முடியும். இங்கே இன்ஷூரன்ஸ் முடிந்து பென்ஷன் ஆரம்பிக்கிறது. புளூடார்க் இதைக் கண்டுகொண்டவர். கிழட்டு மாட்டையும் கிழட்டு அடிமையையும் விற்றுவிடச் சொன்ன கேட்டோவின் சரிதத்தை எழுதும்போது, எனக்காக உழைத்த மாட்டைக்கூட நான் விற்கமாட்டேன் என்று குறுக்கே பேசுகிறார். பார்த்தினான் கோயில் கட்டுமானத்தில் உழைத்து விடுவிக்கப்பட்ட ஒரு கோவேறு கழுதை, தானாகவே திரும்பி வந்து மற்ற கழுதைகளுக்கு முன்னால் நடந்ததாம். ஏதென்ஸ் மக்கள் அதற்கு ஆயுள்வரை பொதுச் செலவில் தீனி என்று தீர்மானம் போட்டார்களாம்.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. திருவண்ணாமலைப் பகுதியில் எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயும் கல்லில் நிற்கிறது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற நாய். அதன் பெயர் கோவிவன் என்று பொறித்திருக்கிறார்கள். பெயரைப் பொறித்ததுதான் விஷயம். விலையுள்ளதற்கு நம்பர் போதும். நன்றிக் கடனுக்குத்தான் பெயர் வேண்டியிருக்கிறது. ஆனால் இதில் மயங்கிவிடவும் கூடாது. கல் நட்டது செத்த பிறகு. செத்த நாயைக் கௌரவிப்பது சுலபம், அதற்குத் தீனி போட வேண்டாம்.

எனவே கேட்டவனுக்கு நேரான பதில் இது. வேறு சொத்தில்லாமல் ஒற்றை நாயை நம்பியிருப்பவன், வைத்தியச் செலவு தரும் பாலிசியை எடுக்கட்டும். வேலை நாய்க்கு அது செல்லுமா என்று கையெழுத்துக்கு முன்பே படித்துப் பார்க்கட்டும். சாவுக்கு மட்டும் பணம் தரும் பாலிசி அவனுக்கு உபயோகம், நாய்க்கு இல்லை. அதை எடுப்பதில் பாவமில்லை, ஆனால் நாய்க்காக எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். இரண்டையும் எடுத்தாலும் கடன் தீரவில்லை. பிரீமியம் எஜமானன் தன் நஷ்டத்துக்காகக் கட்டும் பணம். நாய்க்குச் சேரவேண்டியது கூலி. மந்தை விற்ற வரவில் மாதாமாதம் ஒரு சிறு தொகையை நாயின் பேரில் தனியே ஒதுக்கி வைப்பவன், அது ஓட முடியாமல் அடுப்பங்கரையில் படுத்துக் கிடக்கும் இரண்டு மூன்று வருஷங்களுக்குத் தீனி போடும்போது தர்மம் செய்கிறோம் என்று நினைக்கமாட்டான்.