வேதமும் அறிவும்: புனேயில் ஓர் உரையாடல்

சீடன்: ஹஜ்ரத், வஹீ எனும் வேத வெளிப்பாடு இறைவன் தந்தது, அறிவு மனிதனுடையது. இரண்டும் மோதினால் எதன் பக்கம் நிற்பது?

குரு: மோதுகின்றனவா என்று முதலில் பார், தம்பி. தத்துவ அறிஞர் இப்னு ருஷ்து 12ஆம் நூற்றாண்டில் கொர்தோவாவின் காஜி, அதாவது நீதிபதி. சான்றோடு நிறுவிய முடிவும் வசனத்தின் வெளிப்பொருளும் ஒத்துப்போகாவிட்டால் உட்பொருளைத் தேடச் சொன்னார் அவர்.

சீடன்: நம் சீர்திருத்தவாதி ஹமீத் தல்வாய் உட்பொருள் தேடவில்லையே! 1966இல் ஏழு முஸ்லிம் பெண்களோடு மும்பையில் ஊர்வலம் போய், கணவன் மூன்று முறை தலாக் சொல்லி மணத்தை முறிக்கும் முத்தலாக்கை ஒழிக்கக் கேட்டார். 1970இல் புனேயில் முஸ்லிம் சத்யசோதக் மண்டலைத் தொடங்கினார். அவர் நம்பியது பகுத்தறிவையும் அரசியல் சட்டத்தையும்தானே?

குரு: ஆம், 1873இல் இதே ஊரில் சத்யசோதக் சமாஜம் கண்ட ஜோதிராவ் பூலேயின் வழி அது. தல்வாய் 1977இல் மறைந்தார். 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர் முத்தலாக் செல்லாது என்றார்கள். அவர்கள் சொன்ன காரணங்களைக் கவனி. நாரிமனும் லலித்தும் அது தன்னிச்சையானது, அரசியல் சட்டத்துக்கு முரண் என்றார்கள். குரியன் ஜோசப் அது குர்ஆனுக்கே முரண் என்றார். அறிவின் வழியும் வேதத்தின் வழியும் ஒரே தீர்ப்பில் வந்து சேர்ந்தன.

சீடன்: மற்ற இருவரும் அது காலங்காலமாக வரும் மத வழக்கம் என்றார்களே?

குரு: பழமையால் மட்டும் ஒரு வழக்கம் வேதமாகிவிடாது. தம்பதிக்குள் பிணக்கு வந்தால் இரு குடும்பத்திலிருந்தும் நடுவர் வைத்துச் சமரசம் தேடச் சொல்கிறது குர்ஆன். ஒரே மூச்சில் மூன்று தலாக் சொல்லி முடித்தால் அதற்கு அவகாசம் ஏது?

சீடன்: ஆனால், அறிவின் பெயரில் ஆளாளுக்கு வேதத்தை வளைப்பார்களே, ஹஜ்ரத்?

குரு: நியாயமான அச்சம். அதனால்தான் வேதத்தை ஆய்ந்து சட்ட முடிவு காணும் இஜ்திஹாத் செய்பவருக்கு அரபு மொழியும், வசனம் இறங்கிய சூழலும், நபிமொழியான ஹதீஸும், முன்னோரின் சட்ட விளக்கமான ஃபிக்ஹும் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். அவ்வளவும் அறிவின் உழைப்பு. வேதத்தை வளைப்பவன் தன் ஆதாயத்தைத் தேடுகிறான். ஆய்பவன் எளியவருக்கு நீதி கிடைக்கிறதா என்று பார்க்கிறான். 2019இல் புனேத் தம்பதியர், பெண்கள் பள்ளிவாசலில் தொழ உரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் போனார்கள். இஸ்லாம் அதை அனுமதிக்கிறது என்று அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமே 2020இல் பிரமாணப் பத்திரம் தந்தது. அப்படியானால், பெண்களைத் தடுத்து வந்தது எது?

சீடன்: வழக்கம்.

குரு: வழக்கத்தை வேதத்தால் சோதித்துப் பார், வேதத்தை அறிவால் விளங்கிக்கொள். எளியவருக்குச் செய்யும் அநீதியை ஒருநாளும் இறைவன் பெயரில் எழுதாதே.