ஊர் மாறிய ஸகாத்

நெல்லுக்கான ஸகாத், அதாவது விளைச்சலிலிருந்து ஏழைகளுக்கும் ஏனைய உரியோருக்கும் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய பங்கு, தவறுதலாக வேறோர் ஊரைச் சேர்ந்துவிட்டால் கடமை தீருமா என்ற வினா, கிழக்கிலங்கையின் மருதமுனை போன்ற கரையோர ஊர்களுக்கு அந்நியமானதன்று. குடியிருப்பு கடலோரத்திலும் வயல் வட்டை மேற்கே உள்நாட்டிலும் இருக்கும்போது, அறுவடை இயந்திரம் கொட்டிய நெல் மூடைகளாகி உழவு இயந்திரப் பெட்டியில் கரைக்கு வந்துவிட, அதன் ஸகாத்தும் உடையவரின் ஊர் ஸகாத் குழுவிடமே போய்விடுவது எளிது.

இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் என்னும் சட்ட மரபில், நோன்புப் பெருநாளையொட்டி ஆள்வீதம் கொடுக்கும் பெருநாள் ஸகாத் ஆளிருக்கும் ஊருக்கும் செல்வத்தின் ஸகாத் செல்வமிருக்கும் ஊருக்கும் உரியது. பெறத்தக்கோர் அங்கிருக்க அதை வெளியே கொண்டுசெல்லலாகாது என்ற கருத்தையே இமாம் நவவி ‘மின்ஹாஜ்’ நூலில் மேலானதாகக் கொள்கிறார். மற்றொரு சட்ட மரபான ஹனபி, வெளியே கொண்டுசெல்வதை வெறுக்கத்தக்கதாகக் கருதினாலும், கொடுத்தது செல்லும் என்கிறது.

யெமனிலிருந்து ஸகாத்தின் ஒரு பகுதியை முஆத் இப்னு ஜபல் (ரழி) மதீனாவுக்கு அனுப்பியபோது கலீபா உமர் (ரழி) அதை ஏற்கத் தயங்கியதாகவும், யெமனில் வாங்குவோர் எவருமில்லை என்ற விளக்கத்தை முஆத் அளித்ததாகவும் அறிவிப்பு உண்டு. 717 முதல் 720 வரை ஆண்ட கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸோ, குராசானிலிருந்து சிரியாவுக்கு வந்த ஸகாத்தைக் குராசானுக்கே திருப்பியனுப்பினார் என்பர்.

இன்றைய வரி நடைமுறையிலும் இதையொத்த சிக்கல் உண்டு. அமெரிக்காவில் தொழில்வழங்குநர் ஊதியத்திலிருந்து பிழையான மாநிலத்துக்கு வரி பிடித்துவிட்டால், ஊழியர் அம்மாநிலத்திடம் விண்ணப்பித்து அதை மீளப்பெறவும், உரிய மாநிலத்துக்கான வரியைத் தனியே செலுத்தவும் வேண்டும். பிழையான இடத்தில் கட்டியது உரிய இடத்தின் கடனைத் தீர்க்காது என்பதில் அந்த நடைமுறையும் ஷாபிஈ நிலைப்பாடும் நெருங்குகின்றன. ஆயினும் மீளும் வரி ஊழியரின் பணம். ஸகாத்தோ கடமையான அப்போதே வயலூர் ஏழையின் உரிமை கலந்த பொருள். ஆதலால் ஊர் மாறியது தெரியவந்ததும், பங்கிடப்படாமல் இருப்பதைக் குழு உடையவரின் அனுமதியுடன் வயலூருக்கே அனுப்புவதுதான் நேர்மையானது.

பங்கிட்டு முடிந்திருந்தால் சிக்கல் கடுமையாகிறது. குழு உடையவரின் வக்கீல், அதாவது அவர் சார்பில் செயற்படும் பிரதிநிதி என்பதால், மேற்சொன்ன ஷாபிஈ கருத்தின்படி அவர் மீண்டும் கொடுக்க நேரிடும். அறியாமல் தவறியவருக்கு இந்தச் சுமை மிகையெனின், ஹனபி தீர்ப்பு அவருக்கு ஆறுதலாகலாம். வயலூரில் பெறத்தக்கோர் இல்லையெனில் அடுத்துள்ள ஊருக்குக் கொண்டுசெல்வது முறையே. ஆனால் வயலூரில் எவருமில்லை என்பதை விசாரித்தறியாமல் முடிவுகட்டும் உரிமை கரையிலிருப்போருக்கு இல்லை. நெல்லைப் பொறுப்பேற்கும்போதே அது எந்த வட்டையில் விளைந்தது எனக் கேட்டுப் பதிவது குழுவின் கடமையாகும்.