தண்ணீருக்குள் நிற்கும் மரங்கள்

சென்ற விடுமுறையில் குடும்பத்தோடு இங்கினியாகலைக்குப் போயிருந்தேன். கல்லோயா தேசிய பூங்காவைப் படகிலிருந்தே பார்க்கலாம் என்பது அதன் தனிச்சிறப்பு. சேனாநாயக்க சமுத்திரத்தில் படகு நகரத் தொடங்கியதும் கரைக் காடும் தூரத்து மலைகளும் எங்களைச் சூழ்ந்துகொண்டன. தீவொன்றிலிருந்து இன்னொன்றுக்கு யானையொன்று நீந்திச் சென்றது. தும்பிக்கையும் நெற்றிமேடும் மட்டுமே வெளியில் தெரிந்தன.

"மனிசக் கை படாத இடம்" என்றார் மச்சான். நானும் தலையாட்டினேன்.

மகள்தான் கேட்டாள்: "வாப்பா, இந்த மரமெல்லாம் ஏன் தண்ணிக்குள்ள நின்டு செத்திருக்கு?"

மச்சானின் கூற்று அக்கேள்வியோடு பொய்யாகிவிட்டது. பட்டிப்பளை ஆற்றை மறித்து 1949இல் தொடங்கிய அணைவேலையால் உண்டான நீர்த்தேக்கம் இது. ஏரிதான் காட்டின்மேல் வந்தேறியது. அது வெறுங்காடுமல்ல, வேடர்கள் வேட்டையாடித் தேனெடுத்து வாழ்ந்த நிலம். இப்பிரதேசத்து ஹெனெபெத்த, தனிகல வேடர்களைப் பற்றி செலிக்மன் தம்பதியர் 1911இலேயே எழுதியிருக்கிறார்கள். எஞ்சிய காட்டை, நீரேந்து பகுதியைக் காப்பதற்காக, 1954இல் தேசிய பூங்காவாக்கினார்கள். அதற்குள் வேட்டைக்கும் தேனுக்கும் போவது குற்றமாயிற்று. நாம் காசு கொடுத்துப் பார்க்கும் இயற்கை, அதற்குள் வாழ்ந்தவர்களை வெளியே நிறுத்திய பிறகு கிடைத்தது.

வேறு யாரோ செய்த அநியாயமென்று சொல்லிவிட்டுப் படகிலிருந்து இறங்க என்னால் இயலவில்லை. நான் சம்மாந்துறைக்காரன். எங்கள் வட்டையில் சிறுபோகம் விளைவது இந்தத் தண்ணீரால்தான். "நாம தின்றது இங்கினியாகலைத் தண்ணிட சோறு மகன்" என்று வாப்பா சொல்லுவார். அந்தச் சோற்றில்தான் நான் படித்து ஆளானேன்.

அநீதியில் பங்கில்லாத ஒருவன் அதன் பயனில் பங்குள்ளவனாக இருந்தால், அவன் கடன்பட்டவனா? இல்லையென வாதிடலாம். அணை கட்டியபோது நான் பிறக்கவில்லை. அந்த அணையால் பசி தீர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. நான் சோற்றை மறுப்பதால் எவருக்கும் காடு திரும்பக் கிடைக்கப்போவதில்லை. மூன்றும் உண்மைதான். ஆனால் வாப்பா விட்டுச்சென்ற காணியை எடுத்துக்கொண்டு, அவர் வைத்துப்போன கடனை மட்டும் "என்னுடையதல்ல" என்று நான் சொன்னால் ஊர் ஒப்புமா?

அந்தக் கடனின் முதற்தவணை, உண்மையைச் சொல்வது. "கை படாத இடம்" என்கிறபோது அங்கிருந்தவர்களை இரண்டாந் தடவையும் இல்லாமலாக்கிவிடுகிறோம். ரத்துகலையில் வேடர்கள் இன்றும் வாழ்கிறார்கள். காட்டின்மீது அவர்களுக்குள்ள உரிமை பற்றிய பேச்சு எழும்போது, கீழே வயல்செய்யும் நாம் காதில் விழாதவர்கள் போல் இருக்கலாகாது. அடுத்த தவணை அதுதான்.

மகள் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"இது காடு மகள். நம்மட வட்டைக்குத் தண்ணி வேணுமென்டு தாட்ட காடு."

"அதுக்குள்ள ஆக்கள் இருந்தாங்களா?"

"இருந்தாங்க" என்றேன். மச்சான் ஒன்றும் பேசவில்லை.